மவுஸும் மவுசும்

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் எழுதிய அஞ்சலிக் கட்டுரையொன்றில் ஒரு பந்தி இடம்மாறிப் போயிற்று. காலமானவர், ஒரே மேசையின் எதிரும் புதிருமான பக்கங்களில் அமர்ந்து இருபது வருடங்களுக்கும் மேலாக என்னுடன் இரவுக் கடமை பார்த்த நண்பர். அவரது பள்ளிப் பருவத்தைப் பற்றிய பந்தி, அவரது கடைசி வாரங்களைப் பற்றிய வாக்கியம் ஒன்றின் நடுவே போய் விழுந்து கிடந்தது. அனுப்புவதற்கு முன்னர் கட்டுரையைக் கடைசித் தடவையாக வாசித்துப் பார்க்காதது என் தவறு. ஒப்புநோக்கலின் அவசியத்தை இளையவர்களுக்குக் காலமெல்லாம் போதித்து வந்தவன் தானே அதைச் செய்யத் தவறினால் அதைச் சிறு தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பந்தியை அந்த இடத்தில் நான் வைக்கவில்லை என்பதும் உண்மை.

பத்திரிகை வெளிவந்த அன்று காலை நண்பரின் துணைவியார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, எல்லாம் நல்லாய்த்தான் எழுதியிருக்கிறியள். ஒரு இடம் மட்டும் எனக்கு விளங்கேல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவன் என் மகளின் மகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுகளுக்காகக் காத்திருந்த காலம் அது. என் கதிரையில் அமர்ந்து இரண்டு நிமிடங்கள் கணினியைத் துழாவிய பின்னர், "அம்மப்பா, உங்கட மவுஸ் பழுதாப் போச்சு. ஒருக்கா அமத்தினால் ரெண்டு தரம் அமத்துது. இழுத்துக்கொண்டு போகேக்க இடையில கைவிட்டிடுது" என்றான். ஒரு பந்தியைத் தெரிவுசெய்து, இடது பொத்தானை அழுத்திய வண்ணம் கீழே இழுத்துச் சென்றிருக்கிறேன். பாதி வழியில் மவுஸின் உள்ளே இருக்கும் சுவிட்ச் ஒரு கணம் தொடர்பை இழந்திருக்கிறது. விரல் எடுக்கப்பட்டுவிட்டது என்று கணினி எண்ணிக்கொண்டு, பந்தியை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டது. சில மாதங்களாகவே கோப்புகள் தாமாகத் திறந்துகொள்வதையும், நான் மூடாத பக்கங்கள் மூடிக்கொள்வதையும் கவனித்துத்தான் வந்தேன். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது போலும் என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

"ஒரு கேமிங் மவுஸ் வாங்குங்கோ" என்றான் பேரன். அவனுக்கும் ஒன்று தேவைப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கியது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கான வண்ண விளக்குப் பொம்மை எனக்கு எதற்கு என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாதி நியாயமானது, பாதி அறியாமை என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன்.

தமிழில் இதற்குச் 'சுட்டி' என்று நல்ல பெயர் உண்டு. நெற்றிச்சுட்டியும் சுட்டிப் பிள்ளையும் நினைவுக்கு வந்தாலும், சுட்டிக்காட்டும் கருவிக்கு அதனினும் பொருத்தமான சொல் கிடையாது. ஆயினும், கடைக்குப் போய்ச் சுட்டி கேட்பவர் எவரையும் நான் கண்டதில்லை. 'மவுஸ்' என்பதே நிலைத்துவிட்டது. கவர்ச்சிக்கும் கிராக்கிக்கும் நாம் 'மவுசு' என்று சொல்வதுண்டல்லவா? இந்தக் கட்டுரையின் விவகாரம் முழுவதும் அந்த இரு சொற்களுக்கும் இடையில் இருக்கிறது. விளையாட்டு மவுஸுக்கு இன்று இருப்பது எவ்வளவு மவுஸ், எவ்வளவு மவுசு?

நான் பத்திரிகைத் துறைக்கு வந்த 1970களில் ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்தார்கள். அச்சுக்கோர்ப்பாளர்களின் விரல் நுனிகள் கறுத்திருக்கும். பின்னர் கணினி வந்தது, பேஜ்மேக்கர் வந்தது, பாமினி எழுத்துரு வந்தது. அவற்றோடு மவுஸும் வந்து சேர்ந்தது. அதன் வயிற்றுக்குள் ஓர் இறப்பர் குண்டு இருக்கும். குண்டு உருள, அதனோடு ஒட்டிய இரண்டு சிறிய உருளைகள் சுழலும். மேசைத் தூசும் கை அழுக்கும் அந்த உருளைகளில் வளையம் வளையமாகப் படிந்துவிட்டால், திரையில் அம்புக்குறி இடறி இடறி நடக்கும். பக்கம் முடிக்கும் நேரத்தில் மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, குண்டை வெளியே எடுத்து, நகத்தால் அழுக்கைச் சுரண்டுவது எங்கள் அலுவலகத்தில் ஒரு நித்திய கருமமாக இருந்தது. சிலவேளைகளில் குண்டு கைதவறி மேசைக்குக் கீழே உருண்டோட, பிரதம உபஆசிரியரும் சேர்ந்து அதைத் தேடியதுண்டு.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கர். 1964ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவகத்தில் அவரது எண்ணத்திற்கு வடிவம் கொடுத்தவர் பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர். ஒரு மரக்கட்டை, அதன் அடியில் செங்குத்தாக அமைந்த இரு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காண்பித்தார்கள். காப்புரிமை 1970இல் கிடைத்தது, மவுஸ் வீட்டுக்கு வீடு போய்ச் சேருவதற்கு முன்பே காலாவதியாகியும் விட்டது. எங்கல்பார்ட் உரிமைத்தொகை எதையும் பெறாமலே 2013இல் காலமானார். இன்று ஒரு மவுஸுக்குக் கடைக்காரர் கேட்கும் விலையை அவர் அறிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

குண்டு ஒழிந்தது 1999இற்குப் பிறகுதான். அந்த ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் எந்த மேசையிலும் இயங்கக்கூடிய ஒளியியல் மவுஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட ஆரம்பகால மவுஸ்களில் ஒன்றான ரேசர் பூம்ஸ்லாங் வந்ததும் அதே 1999இல் என்பது ஒரு வேடிக்கை. அதற்குள் இருந்தது குண்டுதான். கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டுகள் பரவ, அவற்றுக்கான மவுஸும் தனியொரு வியாபாரமாகியது.

பழைய மவுஸை ஒரு கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு, பேரனுடன் பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடமொன்றுக்குச் சென்றேன். சாதாரண மவுஸ் 1,500 ரூபாவிலிருந்து இருந்தது. விளையாட்டு மவுஸ் 7,500 ரூபாவில் தொடங்கியது. பேரன் கண்வைத்திருந்ததோ நாற்பதாயிரத்தை நெருங்கியது. 2022இல் ஓரிரு மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு எகிறியதைப் பார்த்த நாட்டில், இறக்குமதிப் பொருள் எதையும் இரண்டு தடவை யோசிக்காமல் வாங்க முடியாது. ஓய்வுபெற்றவன் மூன்று தடவை யோசிக்க வேண்டும்.

விற்பனையாளர் இளைஞர். எதைக் கேட்டாலும் ஓர் எண்ணையே பதிலாகச் சொன்னார். "இது 8,000 டிபிஐ சேர், அது 16,000, இது 25,000." பெரிய எண் நல்லது என்பதற்கு அப்பால் அவரிடம் விளக்கம் இருக்கவில்லை. எண்களை நம்பி ஏமாந்த அனுபவம் பத்திரிகைக்காரனுக்கு நிறைய உண்டு. வீட்டுக்கு வந்து கடதாசியும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை அசைவுகளை அறிவிக்கிறது என்பதன் அளவு. ஓர் அசைவுக்குத் திரையில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பரவலாகப் பாவனையிலுள்ள திரையொன்றின் அகலம் 1,920 புள்ளிகள். 800 டிபிஐ மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் ஆறு சென்ரிமீற்றர் நகர்த்தினால் அம்புக்குறி திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடும். மனிதக் கைக்கு இது வசதியான தூரம். 16,000 டிபிஐயில் அதே பயணத்துக்கு வேண்டியது மூன்று மில்லிமீற்றர்! ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. தும்மினால் அம்புக்குறி திரையை விட்டு ஓடிவிடும். உலகத் தரத்திலான துப்பாக்கி விளையாட்டு வீரர்களில் பெரும்பாலானோர் 400, 800, மிஞ்சினால் 1,600 டிபிஐயில்தான் ஆடுகிறார்கள் என்று பேரனே சொன்னான். "பிறகேன் 25,000?" என்றேன். "பெட்டியில போடுறதுக்கு" என்றான். பையன் பிழைத்துக்கொள்வான்.

இதைவிட மோசமான வகை ஒன்றும் உண்டு. மலிவான சாதாரண உணரியைப் பொருத்தி, அதன் ஓர் அசைவை நான்காகப் பெருக்கிக் காட்டி, அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணை அச்சிட்டு, சுற்றிவர வானவில் விளக்குகளையும் பூட்டி 'கேமிங்' என்று 2,500 ரூபாவுக்கு விற்பார்கள். சாதாரண மவுஸுக்கு வேடம் கட்டியதுதான் அது. வாங்குவதாயின் உண்மையான சாதாரண மவுஸையே வாங்கலாம்.

இரண்டாவது எண், மவுஸ் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை கணினிக்குச் செய்தி அனுப்புகிறது என்பது. சாதாரண யூஎஸ்பி மவுஸ் 125 தடவை அனுப்பும், அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை. விளையாட்டு மவுஸ் 1,000 தடவை அனுப்பும், ஒரு மில்லிசெக்கனுக்கு ஒன்று. 2021 முதல் 8,000 தடவை அனுப்புபவையும் வந்துவிட்டன. சாதாரணத் திரை ஒரு செக்கனுக்கு 60 படங்களைக் காட்டுகிறது, ஒரு படத்துக்கு 16 மில்லிசெக்கனுக்கும் மேல். கண் கண்டதற்குக் கை பதில் சொல்ல ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் ஆகிறது. எனவே, 125இலிருந்து 1,000க்குப் போவது 144 அல்லது 240 படங்கள் காட்டும் திரையில் துப்பாக்கி விளையாட்டு ஆடுபவருக்குப் பயன்படும். அதற்கு மேற்பட்டது வேறு எவருக்குப் பயன்படும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆசிரிய தலையங்கம் எழுதுபவருக்கு நிச்சயமாகப் பயனில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் என் சிரிப்பு முழுக்க நியாயமானது என்று முடிவாகியிருக்கும். ஆனால், பெட்டியில் அச்சிடாத சில விடயங்கள் இருக்கின்றன.

எங்கள் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளராக இருந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். செய்தி, படம், விளம்பரம், மரண அறிவித்தல் ஆகியவற்றையெல்லாம் பக்கத்தில் ஒரு நூலிழை பிசகாமல் அடுக்குபவர். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான தடவை மவுஸை அழுத்துவார், இழுப்பார், விடுவார். நிர்வாகம் மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தவையோ மடிக்கணினியோடு பயணத்தில் எடுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்ட குட்டி மவுஸ்கள். விலை குறைவு என்பதே தகுதி. அவரது கை பெரியது. உள்ளங்கைக்கு ஆதாரமில்லாமல், மூன்று விரல்களின் நுனியால் அதைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைப் பின்னால் மடித்த வண்ணம் வருடக்கணக்கில் வேலை செய்தார். முதலில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போயின. பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்க இரண்டு கைகள் வேண்டியிருந்தன. மணிக்கட்டினூடாகச் செல்லும் நரம்பு நெரிபடுகிறது என்றார் வைத்தியர். சத்திரசிகிச்சை நடந்தது. ஆனாலும், அவர் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டார். இத்தகைய நோவுக்கு மவுஸ் மட்டுமே காரணம் என்று வைத்தியர்கள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. மேசையின் உயரம், கதிரை, ஓய்வின்மை, உடல்வாகு எல்லாமே சேரும். ஆயினும், அவருக்குக் கைக்கு அளவான ஒரு மவுஸை வாங்கிக்கொடுங்கள் என்று நான் ஒருநாள்கூட நிர்வாகத்திடம் வாதாடவில்லை. அப்போது எனக்கு மவுஸ் என்றால் மவுஸ்தான். செருப்புக்கு அளவு உண்டு என்று தெரிந்த எனக்கு, நாள் முழுவதும் கையில் கிடக்கும் பொருளுக்கும் அளவு உண்டு என்று தோன்றவேயில்லை.

விளையாட்டு மவுஸ் செய்பவர்களுக்கு இது தோன்றியிருக்கிறது. ஒரே வேலையை மணித்தியாலக் கணக்கில் செய்பவர்களுக்காகச் செய்யப்படுவதால், கையின் அளவும் பிடிக்கும் விதமும் அங்கே தீவிரமாகக் கவனிக்கப்படுகின்றன. உள்ளங்கை முழுவதையும் பதிப்பவர்களுக்கு ஒரு வடிவம், விரல்களை நண்டுக்கால்போல் வளைப்பவர்களுக்கு இன்னொன்று, நுனிவிரல்காரர்களுக்கு வேறொன்று. எடையையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். பற்றரி போட்ட சாதாரண மவுஸ்கள் பல 100 கிராமை நெருங்க, 63 கிராமுக்கும் குறைவான கம்பியில்லா விளையாட்டு மவுஸ் 2020இலேயே வந்துவிட்டது. கடையில் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் தெரியாது, இரண்டு மாதத்தில் மணிக்கட்டுக்குத் தெரியும். இடதுகைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: வளைந்து நெளிந்த வடிவங்களில் பெரும்பாலானவை வலதுகைக்கே செய்யப்பட்டவை. அவர்களுக்கு இருபுறமும் ஒத்த சாதாரண மவுஸே மேல்.

அடுத்தது, என் கட்டுரையைக் கெடுத்த அந்தச் சுவிட்ச். எங்கள் பாடநூல்கள் 'ஆளி' என்று சொல்லும். பொத்தானின் அடியில் ஒரு மெல்லிய உலோகத் தகடு வளைந்து தொடுவதும் விலகுவதுமாக இருக்கும். நாளடைவில் தகடு தளரும், தொடும் முனையில் களிம்பு படியும். அப்போது ஒரு அழுத்தம் இரண்டாகத் தெரியும், அழுத்திக்கொண்டிருக்கும்போதே அறுந்தும் போகும். மலிவான மவுஸ்களின் சுவிட்ச் பொதுவாகச் சில மில்லியன் அழுத்தங்களுக்கென்று செய்யப்படுகிறது. விளையாட்டு மவுஸ்களில் 20 மில்லியன், 50 மில்லியன் என்பார்கள். நாளொன்றுக்கு 5,000 தடவை அழுத்துபவர் வருடத்துக்கு ஒன்றரை மில்லியனைத் தாண்டிவிடுவார். இந்த எண்களும் தயாரிப்பாளர்களின் ஆய்வுகூடத்து எண்கள்தான், விலையுயர்ந்த விளையாட்டு மவுஸ்களும் இதே நோயில் விழுந்ததுண்டு. அதற்கு மாற்றாக, உலோகத் தொடுகையே இல்லாமல் ஒளிக்கற்றையை மறித்து அழுத்தத்தை அறியும் சுவிட்ச்களைச் சில தயாரிப்பாளர்கள் புகுத்தியிருக்கிறார்கள். அவற்றில் இந்த இரட்டை அழுத்தக் கோளாறுக்கு இடமில்லை. விளையாட்டு மவுஸ் ஒன்றில் காசு கொடுப்பதற்கு உருப்படியான காரணம் என்று எனக்குப் பட்டவை வடிவமும் இந்தச் சுவிட்சும்தான்.

குறைகளும் இல்லாமலில்லை. பக்கங்களில் ஒட்டியிருக்கும் இறப்பர் கொழும்பின் புழுக்கத்தில் ஓரிரு வருடங்களில் பிசுபிசுத்து, கையில் பலாப்பால் பட்டதுபோல் ஒட்டும். இறப்பர் இல்லாத வெறும் பிளாஸ்ரிக் உடல் நமது சீதோஷ்ணத்துக்கு உத்தமம். பொத்தான் அழுத்தும் ஓசை இரவில் வீட்டாரை எழுப்பக்கூடியது. விளக்கின் நிறத்தை மாற்றுவதற்குக்கூட ஒரு பெரிய மென்பொருளை இறக்கி நிறுவச் சொல்வார்கள். மவுஸ் ஒன்றை உபயோகிக்க மின்னஞ்சல் முகவரி கேட்கும் காலம்!

ஆக, என் அபிப்பிராயம் இது. மின்னஞ்சல் பார்க்கவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேசவும் மட்டும் கணினியைத் திறப்பவர்களுக்கு 1,500 ரூபா மவுஸே தாராளம். விளையாட்டு மவுஸ் அவர்களுக்கு வீண்செலவு. கணினியில் ஜீவனம் நடத்துபவர்கள், அதாவது எழுதுபவர்கள், வரைபவர்கள், பக்கம் அமைப்பவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள், விளையாட்டு என்ற சொல்லைக் கண்டு என்னைப்போல் முகம் சுளிக்காமல், ஆரம்ப விலையிலுள்ள கம்பி இணைத்த விளையாட்டு மவுஸ் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். இரண்டு வருடத்துக்கு மூன்று மலிவு மவுஸ் மாற்றிய எனக்கு மொத்தக் கணக்கில் பெரிய நட்டமில்லை. நாற்பதாயிரம் ரூபா மவுஸ், பரிசுப் பணத்துக்குப் போட்டியிடுபவர்களுக்கானது. ஏற்கெனவே கை மரத்துப்போகிறவர்கள் எந்த மவுஸையும் மருந்தாக நினைக்க வேண்டாம். வைத்தியரைப் பாருங்கள். பிறகு, கைகுலுக்கும் பாவனையில் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ்களையும் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு அவை ஒத்துக்கொள்கின்றன.

அலுவலகங்களை நடத்துபவர்கள் யாரேனும் இதை வாசித்தால் தனியாக ஒரு வார்த்தை. ஊழியரின் கையைப் பார்த்து மவுஸ் வாங்குங்கள். எங்கள் நிர்வாகம் மிச்சம்பிடித்த பணம் அந்த வடிவமைப்பாளரின் ஒரு மாதச் சம்பளம்கூட வராது.

பேரனிடம் நாற்பதாயிரத்தை மறுத்துவிட்டேன். இருவருக்கும் 7,500 ரூபாவில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். விண்டோஸில் அம்புக்குறியின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, 800 டிபிஐயில் வைத்துப் பழகிய பின்னர், தன் கூட்டாளிகளைச் சுட்டு வீழ்த்திய கதைகளைச் சாப்பாட்டு மேசையில் சொல்லத் தொடங்கினான். என்னுடையதன் விளக்கை அவனே அணைத்துத் தந்தான். பக்கவாட்டில் பெருவிரலுக்கு நேரே இருக்கும் பொத்தானை அழுத்தினால் இணையத்தில் முந்தைய பக்கத்துக்குப் போகலாம் என்று காட்டினான். இப்போது அது இல்லாத மவுஸில் என் பெருவிரல் வெறுமனே தடவுகிறது.

நண்பரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கட்டுரையை மீண்டும் கேட்டார்கள். பள்ளிப் பருவத்துப் பந்தியைத் தெரிவுசெய்து, அழுத்திய விரலை எடுக்காமல் மேலே இழுத்துச் சென்று, அதற்குரிய இடத்தில் இறக்கினேன். பிறகு கடதாசியில் அச்சிட்டு, பேனாவும் கையுமாக இரண்டு தடவை ஒப்புநோக்கிவிட்டே அனுப்பினேன்.